நனையக் கூடாத பிராணி

நம் தலையில் ஒரு துளைக்கு ஒரு முடி முளைக்கிறது. அதிகம் போனால் இரண்டு மூன்று. சின்சில்லா என்ற சின்னப் பிராணிக்கு ஒரே துளையிலிருந்து அறுபது முடி முளைக்கும் என்று புத்தகத்தில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஆறு என்று இருந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு சுழியம் வந்து ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்து ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்து நானே எண்ணிப் பார்த்தேன். நாற்பது வரை வந்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதற்கு மேலும் இருந்தது. கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் புத்தகம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா சர்க்கரைத் தோட்டத்தில் மாட்டு வண்டிக்காரர். எந்தத் தாளை நீட்டினாலும் பெருவிரலை வைப்பவர். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை வீட்டில் சும்மா உட்கார வேண்டாமே என்று எங்கள் தீவின் மோகா ஊரில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வைத்தியம் பார்ப்பதை விட்டுப் பல வருஷமான பிரெஞ்சுக் குடும்பத்துப் பெரியவர். நாங்கள் எல்லாரும் அவரை மிஸ்யே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் தென் ஆப்பிரிக்காவில் ஒரு பண்ணையிலிருந்து கப்பலில் நாலு சின்சில்லாக்களை வரவழைத்திருந்தார். கூடவே ஆங்கிலத்தில் இரண்டு புத்தகங்களும் வந்தன. அவருக்குக் கண் மங்கிவிட்டது. புத்தகத்தை வாசித்துக் காட்டவும், அதில் சொன்னபடி பிராணிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவன் வேண்டியிருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் வேலையிலும் நாங்கள் பேசுவது கிரியோல். கோயில் வகுப்பில் கற்ற தமிழில் இதை எழுதுவதால் இங்கே எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். மிஸ்யே வீட்டுச் சமையல்காரம்மா தமிழ் பேசுவதாக எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் ஒரு வாரம் சிரிப்பார்.

பெட்டியைத் திறந்த அன்று சமையல்காரம்மாதான் முதலில் எட்டிப் பார்த்தார். கரும்புச் சக்கை போலக் காய்ந்த புல்லுக்குள் நாலு சாம்பல் நிற உருண்டைகள்.

"இதுக்காகவா கப்பல்?" என்றார். "ரோஷ் புவாவில எங்க வீட்டுக் கூரையில இதைவிடப் பெருசா ஓடுது. கேட்டிருந்தா சும்மாவே பிடிச்சுக் கொடுத்திருப்பேனே!"

அன்றிலிருந்து நான் அவருக்குத் தோந்தோன் லேரா. எலி மாமா.

முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வட்டமான பெரிய காது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த தாள் மாதிரி மெல்லியது, உள்ளே ரத்த நாளம் ஓடுவது தெரியும். மீசை பாதி உடம்பு நீளம். முதல் தடவை தொட்டபோது விரல் ரோமத்தில் எந்த இடத்தில் பட்டது என்றே எனக்குத் தெரியவில்லை. காற்று எங்கே முடிந்து பிராணி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டேன்.

தினமும் சாயங்காலம் மிஸ்யேக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆண்டிஸ் மலை. எங்கள் தீவின் மலைகளை ஒன்றின் தலையில் ஒன்றாக நாலைந்து அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். மரம் கிடையாது, மழை அபூர்வம், ராத்திரியில் தண்ணீர் உறையும். பாறை இடுக்குகளில் நூறு இருநூறு சேர்ந்து குடியிருக்கும். குடிக்க ஓடை இல்லை. கள்ளியின் ஈரத்தையும் இலையின் பனியையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும். அந்தக் குளிரைத் தாங்கத்தான் அறுபது முடி. அந்த முடிக்காகவே மனிதர்கள் அவற்றைப் பிடித்து உரித்தார்கள். ஒரு சீமாட்டியின் ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கு மேல் பிராணி. மலை மலையாகக் காலியாகி, மிச்சம் சொற்பம்தான்.

"இன்னொரு தடவை வாசி," என்பார் மிஸ்யே. வாசிப்பேன். எனக்கும் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல்தான் இருக்கும்.

அவர் அவற்றைக் கூண்டில் போடவில்லை. வீட்டின் பின்பக்கம் கருங்கல்லால் கட்டிய பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. அதில் பாறைத் துண்டுகளை மலை போல அடுக்கி, இடுக்கு வைத்து, ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்து, அதற்குள் விட்டார். பகலெல்லாம் தூக்கம். வெளிச்சம் சாயும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். நின்ற இடத்திலிருந்தே என் தோள் உயரத்துக்குத் தாவும். பின்னங்காலில் உட்கார்ந்து, ஒரே ஒரு புல்லை இரண்டு கையாலும் பிடித்து, பிளேட்டில் சாப்பிடும் பெரிய மனிதர் மாதிரி நிதானமாகத் தின்னும். பல் ஆரஞ்சு நிறம். வெள்ளைப் பல் வந்தால் சீக்கு என்று அர்த்தம். அந்தப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்கத் தேய்க்க வளரும். விடிகாலையில் தன் புழுக்கையில் மெத்தென்று இருப்பதைத் தானே எடுத்து மறுபடி தின்னும். முதலில் எனக்குக் குமட்டியது. ஒரே புல்லிலிருந்து இரண்டு முறை சத்து எடுக்கிற வேலை அது என்று படித்த பிறகு குமட்டவில்லை. எதுவும் முளைக்காத இடத்தில் பிழைக்க வந்தது வேறு என்ன செய்யும்?

பெண்தான் பெரியது, பெண் வைத்ததுதான் சட்டம். பிடிக்காத ஆள் கிட்டே போனால் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, குறி பார்த்து, மூத்திரத்தைப் பீச்சும். சமையல்காரம்மாவின் வெள்ளை ஏப்ரனில் அது ஒரு நாள் விழுந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் அந்த அறை வாசலைத் தாண்டியதே இல்லை.

எல்லாவற்றிலும் என்னைக் கட்டிப்போட்டது அவற்றின் குளியல். தண்ணீரில் குளிக்காது. மெல்லிய எரிமலைத் தூளில் விழுந்து சக்கரம் மாதிரி சுழலும், இடப்பக்கம், வலப்பக்கம், கண்ணுக்கு அகப்படாத வேகம். அறை முழுவதும் புகை எழும். எழுந்து உதறினால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும். பண்ணைக்காரர் அனுப்பிய தூள் இரண்டே மாதத்தில் தீர்ந்தது. கடல் மணல் போட்டுப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செம்மண் ரோமத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் போ பசானுக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கிற இடத்திலிருந்து ஒரு மூட்டைத் தூள் கொண்டுவந்து, அம்மாவின் பழைய சேலையில் நாலு மடிப்பில் சலித்துப் போட்டேன். பெண் கிட்டே வந்து மோந்தது. ஒரு கை வைத்தது. பிறகு தலைகுப்புற விழுந்து சுழன்றது! எங்கள் தீவும் எரிமலை கக்கியதுதானே. எத்தனையோ கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு ஜீவன் நம் கல்லைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டதைப் பார்த்து அந்தத் தூசிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார்.

"மண்ணுல புரண்டா அது குளியலா? புரண்டதுக்கு அப்புறம்தானேடா குளிக்கணும்."

நானும் சிரித்தேன், விளக்கம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

நாலில் ஒரு பெண் கப்பல் அலுப்பிலேயே முதல் வாரம் செத்தது. எங்கள் கோடை தொடங்கும் நவம்பரில் முதல் வெயில் அடித்த மத்தியானம் ஒரு ஆண் காது சிவந்து, பாறைமேல் கையைக் காலை நீட்டிப் படுத்தது. நான் மிஸ்யேயைக் கூட்டிவருவதற்குள் போய்விட்டது. எண்பது டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் அவற்றால் தாங்க முடியாது. அன்றே வெப்பமானியில் எண்பதின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். ஐஸ் பெட்டியில் பாட்டில் வைத்து, உறைந்ததைத் துணியில் சுற்றிப் பாறைக்கு நடுவே வைத்தேன். மிச்சம் ஒரு பெண்ணும் ஒரு ஆணும்.

அந்தப் பெண் சினையாக இருந்தது.

அதற்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை அறை முழுக்க ரோமத் துணுக்குகள் கிடந்தன. இணை சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம் என்று புத்தகம் சொன்னது. அங்கிருந்து நூற்றுப் பதினோரு நாள். கைப்பிடியளவு பிராணிக்கு நூற்றுப் பதினோரு நாள்! வீட்டு எலி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். குருடாக, ரோமம் இல்லாமல், ரோஜா நிறப் புழு மாதிரி. இதுவோ வயிற்றிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புமாம். முழு ரோமத்தோடு, பல்லோடு, கண் திறந்தபடி குட்டி பிறக்கும், ஒரு மணி நேரத்தில் ஓடும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேனோ. அறுபது முடியை நானே எண்ணி நம்பினேன். இதையும் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறியே பிடித்தது.

மிஸ்யே சொன்னார்: "இது போட்டால் நம் தீவில் இந்த இனம் வாழும் என்று அர்த்தம். செத்தால் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இன்னொரு பெண்ணை இந்த வெயிலுக்குக் கொண்டுவந்து கொல்ல எனக்கு மனசு இல்லை."

ஜனவரியில் அவர் குடும்பத்தோடு கடலோர வீட்டுக்குப் போனார். வீட்டில் சமையல்காரம்மா, நான், அந்த ஜோடி. காலண்டரில் நூற்று ஐந்தாம் நாளைக் கிழித்தபோதுதான் தபால் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகம், மறுநாள் காலை, போ பசானில்.

சமையல்காரம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பொம்பளை என்மேல மறுபடி பீச்சட்டும், அன்னைக்கு ராத்திரி அது குழம்புல கிடக்கும்" என்றார். அப்பாவிடம் கேட்டேன். கரும்பு வெட்டு முடிந்த காலம், வண்டி வேலை இல்லை, களையெடுப்புக்கு ஒரு நாள் போகாமல் இருக்கலாம்.

"நாளைக்கு மாட்டுப் பொங்கல்டா," என்றார். "விடியறதுக்குள்ள என் ரெண்டு பேரையும் ஆத்துல குளிப்பாட்டிட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை அறையைக் காட்டினேன். புல் இங்கே. பாட்டில் அங்கே. வெப்பமானியின் வெள்ளிக் கம்பி சிவப்புக் கோட்டைத் தொட்டால் புது ஐஸ் பாட்டில். கதவு மூடியே இருக்கட்டும். அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் கேட்டுக்கொண்டார். பாறை இடுக்கில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, "மாசமா இருக்கிற பொண்ணு, இந்தப் புழுதியில கிடக்குதே" என்றார். நான் டை கட்டுவதில் இருந்தேன்.

நேர்முகம் நன்றாகவே போனது. பஸ்ஸில் வரும்போது எல்லாரும் தேர்தலைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மோகாவில் இறங்கியபோது வழக்கமான தூறல். அறை வாசலில் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். கையில் ஒரு பித்தளைச் செம்பு.

"வா, வா. வந்து பாரு."

பாறைமேல் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. எலி. நனைந்த, மஞ்சள் நிற, நடுங்குகிற எலி. நெற்றியில் குங்குமம்.

"அப்பா, என்ன செஞ்சீங்க?"

"குளிப்பாட்டினேன். தூக்கினேன்டா, கொத்துக் கொத்தா முடி கையோட வருது! சொறி பிடிச்சிருக்கு, உன் மிஸ்யே அதுகூடத் தெரியாம வச்சிருக்காரு. மாட்டுக்குச் சொறின்னா மஞ்சள்தானே. இன்னைக்கு நாளும் நல்ல நாளு. மாட்டுக்கு மட்டும்தான் பொங்கலா?"

அது சொறி இல்லை. அதன் தற்காப்பு. கழுகோ நரியோ கவ்வினால் கவ்விய இடத்து முடியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடும். எதிரியின் வாயில் ரோமம்தான் மிஞ்சும். அப்பாவின் கையில் மிஞ்சியதும் அதுதான்.

அறுபது முடிக்குள் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. தோல் வரைக்கும் குளிர்ந்து, இரண்டு நாளில் நெஞ்சில் சளி கட்டிச் செத்துவிடும். நனையவே கூடாது என்று புத்தகத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். நான் அதைப் பல தடவை படித்திருக்கிறேன். அப்பாவிடம் ஒரு தடவை சொல்லவில்லை. பிராணியைக் கழுவக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் மாடு கழுவியவரிடம் யாராவது சொன்னால்தானே தெரியும்?

ஆனால் அப்போது நான் கத்தினேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா தொடாம இருக்க வேண்டியதுதானே! கொன்னுட்டீங்க! அதையும் குட்டியையும் சேர்த்துக் கொன்னுட்டீங்க!"

அப்பாவிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதே இல்லை. சமையல்காரம்மா ஓடிவந்து வாசலில் நின்றார். அப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"சரி," என்றார். "தெரிஞ்சவன் நீ சொல்லு. இப்போ என்ன செய்யணும்?"

புத்தகத்தைப் புரட்டினேன். நனையக் கூடாது என்று இருந்தது. நனைந்தால் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. வெளியே தூறல், காற்றே ஈரம். அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் எண்பதைத் தாண்டும், வெயிலால் போன ஆண் மாதிரி இதுவும் போகும். குளிரிலும் சாகும், சூட்டிலும் சாகும். கையில் எடுத்தேன். எனக்குப் பழக்கமான எடையில் பாதிகூட இல்லை என்று தோன்றியது. அத்தனை நாளும் நான் பார்த்தது பெரும்பாலும் ரோமத்தைத்தான். ரோமம் ஒட்டிப்போனதால் வயிறு தெரிந்தது. இறுகிய, சின்ன, பக்கவாட்டில் புடைத்த வயிறு. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஒரு குதிகால் உள்ளேயிருந்து கோடு கிழித்துக்கொண்டு போனது போல. பிறகு எதிர்ப் பக்கம் இன்னொன்று.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். சமையல்காரம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது ஒரு வரி ஞாபகம் வந்தது. மலையில் குளிர் முற்றும்போது அவை ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் எதுவும் சாவதில்லை. மிஸ்யேயின் பழைய வைத்தியப் பையிலிருந்த காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை அப்பாவின் அக்குளில் வைத்தேன். தொண்ணூற்றெட்டு. பிராணியின் உடம்புச் சூடும் ஏறக்குறைய அதுவே என்று புத்தகத்தில் இருந்தது.

"சட்டையைக் கழட்டுங்க," என்றேன்.

அப்பா கருங்கல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அதை அவர் நெஞ்சில் வைத்தேன். அது அவர்மேலும் பீச்சியது. அவர் அசையவில்லை. சமையல்காரம்மா சாப்பாட்டு மேஜைத் துணிகளைக் கட்டோடு கொண்டுவந்து போட்டார். "மிஸ்யே கேட்டா தோந்தோன் தின்னுட்டாருன்னு சொல்லிடறேன்," என்றார். துணி மேல் ஈரத்தை மட்டும் எடுத்தது. உள்ளே போகவில்லை. மேஜையிலிருந்த மை ஒற்றுத் தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தேன். ரோமத்தை வாயால் ஊதிப் பிரித்து, தோல் தெரிகிற இடத்தில் தாளை வைத்து அழுத்தி, எடுத்து, பக்கத்து இடத்தை ஊத வேண்டும். தாள் மஞ்சளாக வரும். சமையல்காரம்மா அந்த அறைக்குள் வந்து, தன் வக்வா என்ற தாழை ஓலைத் தொப்பியால் விசிற ஆரம்பித்தார்.

ஒரு விரல்கடை உலர்த்த எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாது. ஊதும்போதெல்லாம் அந்த முடிகளின் அடிவாரம் எனக்குத் தெரிந்தது. அடியில் கருநீலம், நடுவே வெண்மை, நுனி கறுப்பு. ஒவ்வொன்றும் அப்படி. அந்தப் பயத்திலும் என்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றும்போது இப்படி அழகு பார்க்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

வெளிச்சம் சாய்ந்தபோது முதுகு உலர்ந்திருந்தது. நடுக்கம் நின்றது. அப்பா மத்தியானத்திலிருந்து கால் மாற்றி உட்காரவில்லை.

"எழுந்துக்கோங்கப்பா."

"தூங்குது," என்றார் மெதுவாக. "நீ பேசாம இரு."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அது புல்லைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தூளில் இறங்கி, ஒரு பக்கமாக மட்டும், வயிறு அழுந்தாமல் புரண்டது. மஞ்சள் போகவில்லை. அப்பா தினமும் சாயங்காலம் தோட்டத்திலிருந்து நேரே வந்து, வாசலில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். நான் கத்தியதைப் பற்றிய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நூற்றுப் பதினோராம் நாள் வந்து போயிற்று. பன்னிரண்டும் போயிற்று. குட்டிகள் உள்ளேயே செத்துவிட்டன என்று நான் நிச்சயம் செய்துகொண்டேன். பன்னிரண்டாம் நாள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை, வாசலிலேயே சாக்கை விரித்துப் படுத்துவிட்டார்.

விடிந்தும் விடியாமலும் அவர்தான் என்னை எழுப்பினார்.

பெண் பாறையில் முன்னங்காலை ஊன்றி உடம்பை நீட்டி நீட்டி முனகிக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து, தன் பல்லாலேயே பிடித்து, ஒன்றை வெளியே இழுத்துத் தரையில் வைத்தது. ஈரமான, சாம்பல் நிற, முழுசான ஒன்று. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் இரண்டாவதற்காக மறுபடி நீட்டிக்கொண்டது. முதல் குட்டி ஈரத்தோடு கல்லில் கிடந்து நடுங்கியது. நான் துணியை எடுத்தேன். அதற்குள் ஆண் இடுக்கிலிருந்து இறங்கி வந்தது. ஆணை அன்று பிரித்து வைத்திருக்க வேண்டும். எனக்கிருந்த கலவரத்தில் மறந்திருந்தேன். கடித்துவிடும் என்று கையை நீட்டினேன். அது குட்டியை மோந்தது. திரும்பிக்கொண்டு, கோழி முட்டைமேல் இறங்குவதுபோல் மெல்ல அதன்மேல் உட்கார்ந்து, தன் ரோமத்தைப் பரப்பி மூடிக்கொண்டது.

என் கை நீட்டியபடியே நின்றது. புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஆணின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது. உலர்ந்த தலை. மீசை, காது, இரண்டு கறுப்புக் கண். திறந்திருந்தன. அது என்னைப் பார்த்தது. பிறந்து அரைமணி நேரம் ஆகாத ஒன்று என்னைப் பார்த்தது, பிறகு அப்பாவைப் பார்த்தது, பிறகு நாலு காலில் எழுந்து நடந்து பெண்ணிடம் போயிற்று.

இரண்டாவது பிறந்தபோது அசையவில்லை. பெண் அதை வெகுநேரம் நக்கியது. கையால் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

அப்பா அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். நானும் போனேன். ஒவ்வொரு நகமும் முழுசாக முளைத்திருந்தது. வாலில் ரோமம் சீவி விட்டதுபோல் படிந்திருந்தது. பல்கூட இருந்தது.

"எல்லாம் முடிச்சிருக்கு," என்றார் அப்பா. "ஒரு குறை வைக்கலை." அதன் முதுகை ஒரு விரலால் தடவிவிட்டு, "இது என்னாலதானே?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார், படித்தவன் சொன்னால் நம்புவார்.

"இருக்கலாம்ப்பா. நான் உங்ககிட்ட சொல்லாததாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியலை."

அவர் தலையாட்டினார். தோட்டத்து லிச்சி மரத்தடியில் கையாலேயே தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி வாசலில் குந்தினார். வேலைக்குப் போகும் நேரம் தாண்டிவிட்டது. போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழை விட்டு, ஜன்னல் வழியாக ஒரு சதுர வெயில் அறைத் தரையில் விழுந்திருந்தது. குட்டி அதற்குள் போய் நின்று ஒரு தாவு தாவிப் பார்த்தது. தடுக்கி விழுந்து மறுபடி எழுந்தது. அப்போது வெளியே நீள வால் வெள்ளைப் பறவை ஒன்று பள்ளத்தாக்குப் பக்கம் பறந்து போயிற்று. அதன் நிழல் அந்த வெயிலைக் குறுக்கே கடந்தது, அவ்வளவுதான், கண் சிமிட்டும் நேரம். பெண் நிமிர்ந்து ஒரு குரைப்புக் குரைத்தது. குட்டியைக் காணோம். எங்கே போயிற்று என்று தேடி, கடைசியில் என் விரல்கூட நுழையாத ஒரு பாறை இடுக்கில் இரண்டு கண் மின்னுவதைக் கண்டேன்.

அந்தப் பெண் பண்ணையில் பிறந்தது. மலையைப் பார்த்ததில்லை, கழுகையும் பார்த்ததில்லை.

"இதுக்கு யாருடா சொல்லிக் கொடுத்தா?" என்றார் அப்பா.

"தெரியலைப்பா," என்றேன்.

இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அது வெளியே வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.